கரியமில வாயுவைக் காட்டிக்கொடுக்கும் குட்டிச் சென்சார்



பூந்தமல்லி, திருமழிசை, வெள்ளவேடு, நேமம், திருநின்றவூர் வட்டாரத்தில் இன்று பெரும்பாலும் போர்த் தண்ணீர்தான். ஆனாலும் பழைய திறந்த கிணறுகள் அங்கங்கே இருக்கத்தான் செய்கின்றன. அம்பத்தூர், ஆவடி பக்கம் நிலமெல்லாம் மனையாகப் போன பிறகும் புதர் மண்டிய கிணறுகள் சில தூர்க்காமல் கிடக்கின்றன. கோடை வந்தால் தூர் வார ஆள் இறக்குகிறோம். மோட்டாரைக் கழற்ற இறங்குகிறோம். ஆட்டுக்குட்டி விழுந்துவிட்டால் யோசிக்காமல் இறங்குகிறோம். அப்படி இறங்கின ஒருத்தர் மயங்கி விழ, அவரைத் தூக்கப் போன இரண்டாவது ஆளும் விழ, மூன்றாவது ஆளும் போய்ச் சேர்ந்தார் என்ற செய்தியை நாம் பத்திரிகையில் படிக்கிறோம். "விஷவாயு தாக்கி" என்று ஒரே வார்த்தையில் எழுதிவிடுவார்கள். பாழுங்கிணறுகளில் அந்த விஷவாயு பல தடவை வேறெதுவும் இல்லை. நம்ம கரியமில வாயுதான். கூடவே பிராண வாயுவும் குறைந்து போயிருக்கும்.

இந்த வாயுவைக் கண்டுபிடிக்க, நகத்தைவிடச் சின்னதாகச் சென்சார்கள் செய்கிறார்கள். அதை எப்படிச் செய்கிறார்கள் என்பதுதான் இன்றைய பேச்சு. "அது எஞ்சினியருங்க வேலை, நமக்கு எதுக்குங்க?" என்று நினைக்காதீர்கள். சென்சாரின் உள்ளே இருப்பது என்ன என்று தெரிந்தால்தான், கடையில் வாங்குகிற எந்தக் கருவியை நம்பி ஒரு உயிரைக் கிணற்றில் இறக்கலாம் என்பது தெரியும்.

கிணற்றுக்குள் வாயு எப்படி வருகிறது?

மண்ணுக்குள் வேர்களும் நுண்ணுயிர்களும் மூச்சு விடுகின்றன. அவை பிராண வாயுவை எடுத்துக்கொண்டு கரியமில வாயுவை வெளியே விடுகின்றன. அதனால் மண்ணுக்குள் இருக்கிற காற்றில் கரியமில வாயு, வெளிக்காற்றில் இருப்பதைப்போல் பல பத்து மடங்கு கூட இருக்கும். கிணற்றில் விழுந்த இலை தழை அழுகினால் இன்னும் சேரும். வங்கக் கடலில் தாழ்வழுத்தம் உருவாகிக் காற்றழுத்தம் குறைகிற நாளில், மண்ணுக்குள் அடைந்திருந்த காற்று கிணற்றுப் பக்கம் கசிந்து வரும்.

கரியமில வாயு சாதாரணக் காற்றைவிட ஒன்றரை மடங்கு கனம். அடியில் தங்கினால் எளிதில் மேலே வராது. கோடையில் கிணற்றின் உள்ளே குளிர்ச்சி, வெளியே வெயில். குளிர்ந்த காற்று கீழேயே உட்கார்ந்துகொள்ளும், மேல்காற்றோடு கலக்காது. நாம் தூர் வாருவதும் அந்தக் கோடையில்தான். தினமும் இறைக்கிற கிணற்றைவிட, வருஷக்கணக்காகச் சும்மா கிடக்கிற கிணறு மோசம் என்பதற்கும் இதுவே காரணம்.

இந்த வாயு எவ்வளவு பொல்லாதது என்பதற்கு ஒரு உதாரணம். ஆப்பிரிக்காவில் கேமரூன் நாட்டில் நியோஸ் என்று ஒரு ஏரி. 1986 ஆகஸ்ட் 21 அன்று இரவு, அந்த ஏரியின் அடியில் கரைந்து கிடந்த கரியமில வாயு ஒரே மூச்சில் பொங்கி வெளியே வந்து பள்ளத்தாக்கில் இறங்கியது. ஏறக்குறைய 1,700 மனிதர்களும் ஆயிரக்கணக்கான ஆடு மாடுகளும் மாண்டு போயின.

கணக்கைப் பாருங்கள். வெளிக்காற்றில் பத்து லட்சம் பங்குக்குச் சுமார் 420 பங்கு கரியமில வாயு இருக்கிறது. கருவியில் "பி.பி.எம்." என்று காட்டுவது இந்தப் பத்து லட்சத்துக்கு எத்தனை பங்கு என்ற கணக்குத்தான். வேலை செய்யும் இடத்தில் எட்டு மணி நேரத்துக்கு 5,000 பங்கு வரை என்று எல்லை வைத்திருக்கிறார்கள். 40,000 பங்கு என்றால் உடனடி ஆபத்து. ஒரு லட்சம் பங்கு, அதாவது நூற்றுக்குப் பத்து என்றால், சில நிமிஷத்துக்குள் நினைவு தப்பிவிடும். கூப்பிடக்கூட நேரம் இருக்காது.

விளக்கை இறக்கிப் பார்த்தால் போதாதா?

பெரியவர்கள் அரிக்கேன் விளக்கையோ மெழுகுவர்த்தியையோ கயிற்றில் கட்டி இறக்கிப் பார்ப்பார்கள். அணைந்துவிட்டால் இறங்கக் கூடாது என்பது சரியான பாடம். ஆனால் அணையாவிட்டால் இறங்கலாம் என்பது தப்புக் கணக்கு. சுடர் அணைவது முக்கியமாகப் பிராண வாயு குறைவதனால். சுடர் எரிவதற்குப் போதுமான பிராண வாயு இருக்கும்போதே, மனுஷனை மயக்குகிற அளவு கரியமில வாயுவும் இருக்க முடியும். போதாக்குறைக்கு, உள்ளே மீத்தேன் வாயு இருந்தால் விளக்கே வெடிக்கு மருந்தாகிவிடும். மூக்கையும் நம்ப முடியாது. இந்த வாயுவுக்கு வாசனையும் கிடையாது, நிறமும் கிடையாது.

பிராண வாயு மீட்டர் மட்டும் வைத்திருந்தாலும் போதாது. அம்பத்தூர் தொழிற்பேட்டை 1964-ல் தொடங்கியது. அங்கே பட்டறை வேலைக்குப் போகும் பிள்ளைகள் உங்கள் வீட்டிலேயே இருப்பார்கள். வெல்டிங்குக்குக் கரியமில வாயு சிலிண்டர் வைத்திருப்பதைக் கேட்டுப் பாருங்கள், சொல்லுவார்கள். அந்தச் சிலிண்டர் ஒரு மூடிய அறையில் கசிந்து, காற்றில் நூற்றுக்கு ஐந்து பங்கு சேர்ந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். நூற்றுக்கு 20.9 இருந்த பிராண வாயு 19.9-க்குத்தான் இறங்கும். 19.5-க்கு மேலே இருந்தால் பிராண வாயு மீட்டர் "சரி" என்று சொல்லிவிடும். ஆனால் கரியமில வாயுவோ 50,000 பங்கு, உடனடி ஆபத்து எல்லையையும் தாண்டியாச்சு. அதனால் இந்த வாயுவை நேராகவே அளக்கிற சென்சார் வேண்டும்.

மென்படலம் என்றால் என்ன?

சிப்ஸ் பாக்கெட்டைப் பிரித்தால் உள்பக்கம் வெள்ளி மாதிரி பளபளக்கிறது அல்லவா? அது அலுமினியம். தகடு ஒட்டினது இல்லை. காற்றை உறிஞ்சி எடுத்துவிட்ட தொட்டிக்குள் அலுமினியத்தைக் கொதிக்க வைத்து, அதன் ஆவியைப் பிளாஸ்டிக் தாள் மேல் படிய விட்டிருக்கிறார்கள். சோறு வேகும்போது மூடியின் அடியில் ஆவி நீராகப் படிகிற மாதிரிதான். அந்த அலுமினியப் பூச்சின் கனம் நம் தலைமுடியின் கனத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் இருக்கும். இப்படிப்பட்ட பூச்சைத்தான் மென்படலம் என்கிறார்கள். வண்டியின் முன்விளக்குக்கு உள்ளே இருக்கிற கண்ணாடிப் பளபளப்பும் இதே வகைதான்.

சென்சார் செய்யும் வேலையும் இங்கேதான் தொடங்குகிறது. முதலில் சிலிக்கன் தகடு அல்லது பீங்கான் போன்ற அலுமினாத் தகடு ஒன்றை எடுத்து, தூசி தும்பு, விரல் எண்ணெய் எதுவும் இல்லாமல் கழுவுவார்கள். ஒரு தூசி விழுந்தாலும் அந்த இடத்தில் படலம் ஒட்டாது. நெல் விதைக்கும் முன் நாற்றங்காலைச் சமப்படுத்துகிற மாதிரி, பாதி வேலை இதில்தான் இருக்கிறது.

அடுத்தது, தகட்டின் மேல் பிளாட்டினத்தில் நெளிநெளியாக ஒரு கம்பிக் கோடு போடுவார்கள். அதுதான் அடுப்பு. அதற்கு மேல் மின்சாரம் தாண்டாத ஒரு பூச்சு. அதற்கும் மேல் இரண்டு சீப்புகளைப் பல்லோடு பல் கோத்து வைத்த மாதிரி மின்முனைகள். இவ்வளவு பொடிக் கோட்டைக் கையால் வரைய முடியுமா? முடியாது. மார்கழியில் ஓட்டை போட்ட கோல அச்சை வைத்து மாவைத் தூவி எடுத்தால் கோலம் விழுகிறதே, அதே யுக்திதான். இங்கே மாவுக்குப் பதில் ஒளி. ஒளி பட்டால் குணம் மாறுகிற ஒரு பசையைத் தடவி, அச்சு வழியாக ஒளியைக் காட்டி, வேண்டாத பசையைக் கழுவிவிட்டு, மிச்சம் இருக்கிற வடிவத்தில் உலோகத்தைப் படிய வைப்பார்கள்.

உலோகத்தையும் மற்றப் பொருள்களையும் படிய வைக்க இன்னொரு வழியும் உண்டு. வெற்றிடத் தொட்டியில் கொஞ்சம் ஆர்கான் வாயுவை விட்டு மின்சாரம் பாய்ச்சினால், ஆர்கான் துகள்கள் கவண்கல் மாதிரிப் பாய்ந்து பொருளைத் தாக்கும். அதிலிருந்து அணுக்கள் தெறித்து வந்து எதிரே இருக்கிற தகட்டில் படியும். எவ்வளவு நேரம் விடுகிறோமோ அவ்வளவு கனம். கடைசியாகத் தகட்டைச் சூளையில் வைத்துப் பக்குவம் செய்வார்கள். பச்சைப் பானை சூளையில் வெந்தால்தான் தண்ணீர் நிற்கும், படலமும் அப்படித்தான். பிறகு தகட்டைச் சின்னச் சின்னதாக அறுப்பார்கள். உள்ளங்கை அளவுத் தகடு ஒன்றிலிருந்து நூற்றுக்கணக்கில் சென்சார்கள் கிடைக்கும். ஒவ்வொன்றுக்கும் முடியைவிட மெல்லிய கம்பி கட்டி, காற்றுப் போக ஓட்டையுள்ள தொப்பி போட்டு மூடுவார்கள்.

ஏன் இவ்வளவு சின்னதாகச் செய்ய வேண்டும்? சின்னதாக இருந்தால் அடுப்புச் சீக்கிரம் சூடாகும், பேட்டரி கொஞ்சம்தான் செலவாகும், கருவி சட்டைப் பையில் அடங்கும், விலையும் இறங்கும்.

இந்த வாயு மட்டும் ஏன் பிடிபடுவதில்லை?

ஜப்பானில் தாகுச்சி என்பவர் 1962-ல் வெள்ளீய ஆக்சைடை வைத்து வாயு கண்டுபிடிக்கிற சென்சாருக்குக் காப்புரிமை கேட்டார். சமையல் வாயு கசிந்தால் அலறுகிற கருவிகள் பலவற்றில் இந்த வகைதான் இருக்கிறது. சூடான வெள்ளீய ஆக்சைடின் மேல் காற்றிலுள்ள பிராண வாயு வந்து ஒட்டிக்கொள்ளும். மின்சாரம் ஓடுவதைத் தடுத்துக்கொண்டிருக்கும். எரியக்கூடிய வாயு வந்தால் அந்தப் பிராண வாயுவோடு சேர்ந்து எரிந்து அதைக் கொண்டுபோய்விடும். தடை விலகும், மின்சாரம் கூடுதலாக ஓடும், மணி அடிக்கும்.

நம் தமிழ்நாட்டில் கல்பாக்கத்தில், இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையத்தில், இதே வெள்ளீய ஆக்சைடை மென்படலமாகப் படிய வைத்து ஹைட்ரஜன் சென்சார் செய்திருக்கிறார்கள். 1985 அக்டோபரில் முதன்முதலாக இயங்கத் தொடங்கிய அங்குள்ள சோதனை ஈனுலையில், உருகிய சோடியம் ஓடுகிறது. தண்ணீர் துளி கசிந்து சோடியத்தில் பட்டாலும் ஹைட்ரஜன் கிளம்பும். அதைத் துளி அளவிலேயே கண்டுபிடிப்பதற்குத்தான் அந்தப் படலம். ஆக, மென்படலச் சென்சார் செய்யும் கைவேலை நம் மாநிலத்துக்குப் புதுசு இல்லை.

ஆனால் கரியமில வாயுவிடம் இந்த வித்தை பலிக்காது. ஏன் தெரியுமா? அது ஏற்கெனவே எரிந்து முடிந்த வாயு. அடுப்புச் சாம்பலில் மறுபடி தீ பிடிக்குமா? பிடிக்காது. அதேபோல இந்த வாயு படலத்தின் மேலுள்ள பிராண வாயுவைச் சீண்டாது. சும்மா வந்து சும்மா போகும். சமையல் வாயுக் கசிவுக் கருவியைக் கிணற்றில் இறக்கினால், கரியமில வாயு நிறைந்திருந்தாலும் அது வாயைத் திறக்காது. இதை நன்றாக மனதில் வையுங்கள்.

அதைப் பிடிக்க இரண்டு வழிகள்

முதல் வழி, அதற்குப் பிடித்த தீனியை வைத்துப் பிடிப்பது. கரியமில வாயு கார்பனேட் உப்போடு கொடுக்கல் வாங்கல் வைத்துக்கொள்ளும். சோடியம் அயனி மட்டும் ஓடுகிற ஒரு திடப்பொருளை அடிப்படலமாகப் போட்டு, ஒரு முனையில் கார்பனேட் உப்புப் படலத்தைப் பூசுவார்கள். அந்தத் திடப்பொருளில் ஒன்று நாசிக்கான். 1976-ல் அமெரிக்காவில் குடினஃபும் அவரது கூட்டாளிகளும் அதை வெளியிட்டார்கள். லித்தியம் பேட்டரிக்காக 2019-ல் நோபல் பரிசு பெற்றவரும் இதே குடினஃப்தான். இந்தச் சென்சாரைச் சுமார் 450 டிகிரி சூட்டில் வைத்தால், அது ஒரு குட்டி பேட்டரி மாதிரி வேலை செய்யும். வாயு பத்து மடங்கு மாறினால் ஏறக்குறைய 70 மில்லிவோல்ட் மாறும். அந்த வோல்ட்டை அளந்து வாயுவைச் சொல்லிவிடலாம். கஷ்டம் எங்கே என்றால், கார்பனேட் உப்பு ஈரத்தைக் குடிக்கும். கிணறோ ஈரமான இடம். நாளாக ஆக அளவு தடம் மாறும். அதனால் அடிக்கடி சரிபார்க்க வேண்டும்.

இரண்டாவது வழி, வாயுவைத் தொடாமலே பார்ப்பது. 1859-ல் டிண்டல் என்ற விஞ்ஞானி, கண்ணுக்குத் தெரியாத வெப்பக் கதிரைக் கரியமில வாயு விழுங்குகிறது என்று சோதனை செய்து காட்டினார். அந்தக் கதிரின் அலைநீளம் 4.26 மைக்ரான். ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. கருவிக்குள் ஒரு முனையில் குட்டி விளக்கு கண்சிமிட்டும். மறுமுனையில் வெப்பம் பட்டால் மின்சாரம் தருகிற மென்படலம் இருக்கும். நடுவே உள்ள காற்றில் கரியமில வாயு கூடக் கூட மறுமுனைக்குப் போய்ச் சேருகிற கதிர் குறையும். மற்றக் கதிரெல்லாம் உள்ளே வராமல் தடுக்க, முன்னால் ஒரு வடிகட்டி வைப்பார்கள். அதுவும் படலத்தின் மேல் படலமாக மாற்றி மாற்றிப் படிய வைத்ததுதான். இந்த வகைக்குக் கடையில் "என்.டி.ஐ.ஆர்." என்று பெயர். இன்று பரவலாக நம்பிப் பயன்படுத்துவது இதைத்தான்.

எந்தச் சென்சார் ஆனாலும், செய்து முடித்ததும் அளவு தெரிந்த வாயுவைக் காட்டிச் சரிபார்த்தால்தான் அது சென்சார். இல்லாவிட்டால் படிக்கல் சரிபார்க்காத தராசு மாதிரி.

வாங்கும்போது ஏமாறாதீர்கள்

கடையில் மலிவாகக் கிடைக்கிற சில கருவிகள் கரியமில வாயுவை அளப்பதே இல்லை. வெள்ளீய ஆக்சைடு வகைப் படலத்தை வைத்து, அறையிலுள்ள மற்ற ஆவிகளை மோந்து பார்த்து, "ஆள் நடமாட்டம் இவ்வளவு, ஆகவே கரியமில வாயு இவ்வளவு இருக்கலாம்" என்று உத்தேசமாக ஒரு எண்ணைக் காட்டுகின்றன. "இ.சி.ஓ.2" என்று போட்டிருந்தால் இந்த வகை. கிணற்றுக்கு இது ஆகவே ஆகாது.

வீட்டிலேயே சோதித்துப் பார்க்க வழி இருக்கிறது. ஒன்று: வெட்டவெளியில் பத்து நிமிஷம் வையுங்கள், 400, 500-க்குள் காட்ட வேண்டும். இரண்டு: ஒரு கோலி சோடாவை உடைத்து, தண்ணீர் தெறிக்காமல் பாட்டில் வாய்க்குப் பக்கத்தில் பிடியுங்கள். சோடாவிலிருந்து வருவது கரியமில வாயு. எண் மளமளவென்று ஏற வேண்டும். மூன்று: ஊசி போடும்போது துடைக்கிற ஸ்பிரிட் பஞ்சைச் சற்றுத் தள்ளிப் பிடியுங்கள், எண் ஏறக் கூடாது. சோடாவுக்கு அசையாமல் ஸ்பிரிட்டுக்குத் துள்ளுகிற கருவி உத்தேசக் கருவி. திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

எல்லையையும் கேளுங்கள். அறைக் காற்றைப் பார்க்கிற கருவிகள் பலவும் 5,000 அல்லது 10,000 பங்கோடு நின்றுவிடும். கிணற்றுக்கு 50,000 பங்கு வரையாவது காட்டுகிறதாக, ஒலியும் அதிர்வும் எழுப்புகிறதாக, பிராண வாயு, மீத்தேன், ஹைட்ரஜன் சல்பைடு, கார்பன் மோனாக்சைடு இவற்றையும் சேர்த்து அளக்கிறதாக இருக்க வேண்டும். ஒரு குடும்பத்துக்கு இது பெரிய செலவு. உழவர் மன்றமோ உற்பத்தியாளர் குழுவோ ஊராட்சியோ சேர்ந்து ஊருக்கு ஒன்று வாங்கி வைக்கலாம்.

இறங்கும் முன் செய்ய வேண்டியவை

கருவியைக் கயிற்றில் கட்டி இறக்குங்கள். மேலே, நடுவே, அடியில் தண்ணீருக்கு ஒரு முழம் மேலே, ஒவ்வொரு இடத்திலும் இரண்டு மூன்று நிமிஷம் நிறுத்துங்கள். சென்சாருக்குள் காற்றுப் புகுந்து எண் நிலைக்க அவ்வளவு நேரம் பிடிக்கும். கரியமில வாயு 5,000-க்கு மேல் இருந்தாலோ, பிராண வாயு 19.5-க்குக் கீழ் இருந்தாலோ, வேறு எந்த வாயுவுக்கு மணி அடித்தாலோ இறங்காதீர்கள். காற்று ஊதும் பிளோயரின் குழாய் அடிவரை போகும்படி இறக்கி ஊதுங்கள். திரும்ப அளந்து பாருங்கள். அளவு சரியான பிறகும், ஆள் உள்ளே இருக்கும் வரை பிளோயர் ஓடட்டும், கருவி அவர் இடுப்பில் இருக்கட்டும். சேறு கிளறும்போது அடைந்த வாயு மறுபடி வெளியே வரும். டீசல் எஞ்சினைக் கிணற்றுக்குள் இறக்கியோ வாயோரமாக வைத்தோ ஓட்டாதீர்கள். அதன் புகையில் வேறு விஷம் இருக்கிறது.

இறங்குகிறவர் உடம்பில் பட்டை மாட்டிக் கயிறு கட்டியிருக்க வேண்டும். மேலே இரண்டு பேர் நிற்க வேண்டும். யாராவது மயங்கினால் மேலிருந்து கயிற்றால் இழுங்கள், பின்னாலேயே இறங்காதீர்கள். உள்ளே இருப்பவர் உடன்பிறந்தவராக இருந்தாலும் சரிதான். தீயணைப்புத் துறைக்கு 101, அவசர உதவிக்கு 112, ஆம்புலன்சுக்கு 108. மலக்குழி விஷயம் வேறு. எந்தச் சென்சார் இருந்தாலும் அதில் ஆளை இறக்காதீர்கள். 2013-ம் ஆண்டுச் சட்டமும் அதைத் தடை செய்கிறது.

வாங்கிய கருவிக்கு வேறு வேலையும் இருக்கிறது. சிப்பிக்காளான் குடிலில் கரியமில வாயு கூடினால் காம்பு நீண்டு குடை சிறுத்துப் போகும். எண்ணைப் பார்த்து ஜன்னலைத் திறக்கலாம். நெல் மூட்டை அடுக்கிய கிடங்கில் வழக்கத்தைவிட அளவு ஏறிக்கொண்டே போனால், உள்ளே வண்டோ பூசணமோ மூச்சு விடுகிறது என்று அர்த்தம். நெல் சூடேறுவதற்கு முன்பே மூட்டையைப் பிரித்துக் காய வைத்துவிடலாம்.

ஆகவே பெருமக்களே, இந்தக் கோடையில் தூர் வார ஆள் பேசும்போது கூலியோடு சேர்த்து இன்னொன்றையும் பேசுங்கள். "கருவி இறங்கின பிறகுதான் ஆள் இறங்கணும்" என்று கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள். இறங்குகிறவர் உங்கள் வீட்டு ஆளாக இருந்தாலும், கூலிக்கு வந்தவராக இருந்தாலும் விதி ஒன்றுதான்.